மூச்சுப் பயிற்சி: இழுப்பதா, பிடிப்பதா, விடுவதா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே!

வைகைக்கரையாள் (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். வயது 46, ஜவுளிக்கடையில் கணக்குப் பிரிவு வேலை. சமீபத்தில் பி.பி. பார்த்தபோது 146/92 என்று காட்டியது. நடுநடுவே நெஞ்சு படபடப்பும் இருக்கிறது. இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை. டாக்டர் ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்து, "உப்பைக் குறைங்க, நடங்க, மூச்சுப் பயிற்சி செய்யுங்க" என்றார். எந்த மூச்சுப் பயிற்சி என்று நான் கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

யூடியூபில் தேடினால் ஆளுக்கொரு கணக்கு. ஒருவர் 4 எண்ணி இழு, 7 எண்ணிப் பிடி, 8 எண்ணி விடு என்கிறார். இன்னொருவர், பி.பி. இருப்பவர்கள் மூச்சைப் பிடிக்கவே கூடாது என்கிறார். மூன்றாமவர் வயிற்றை எக்கி எக்கி வேகமாக விடச் சொல்கிறார். அதைச் செய்தால் எனக்கு விரல் நுனியெல்லாம் ஊசி குத்துவதுபோல் மரத்துப்போகிறது, உதட்டைச் சுற்றியும் ஒரு மாதிரி இருக்கிறது. "அதுதான் பிராணன் ஏறுவது, நல்ல அறிகுறி, விடாமல் செய்யுங்கள்" என்று கீழே கமெண்ட் போட்டிருக்கிறார்கள்.

உண்மையா? உண்மையில் எதைச் செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சரநூல்_தாசன் (சிதம்பரம்)

அம்மா, வணக்கம். இவ்வளவு குழம்ப வேண்டியதில்லை. திருமூலர் கணக்குப் போட்டே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மாத்திரை என்பது பழைய கால அளவு; இடது நாசியில் 16 மாத்திரை இழுப்பது பூரகம், 64 மாத்திரை உள்ளே நிறுத்துவது கும்பகம், 32 மாத்திரை விடுவது ரேசகம்.

நம் சித்தர்கள் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று சொன்னார்கள். வகுத்துப் பாருங்கள், நிமிடத்துக்கு 15 வரும். கடிகாரம் இல்லாத காலத்தில் சொன்னது, இன்றைக்கு மருத்துவப் புத்தகத்தில் போடும் 12 முதல் 20 என்ற கணக்குக்குள் சரியாக உட்காருகிறது. காலையில் வெறும் வயிற்றில், கிழக்கே பார்த்து உட்கார்ந்து தொடங்குங்கள்.


நெஞ்சக_வார்டு (கோவை)

வைகைக்கரையாள் அக்கா, முதலில் அந்த ஊசி குத்தல் விஷயம். நான் பிசியோதெரபிஸ்ட், நெஞ்சக நோய்ப் பிரிவில் இருக்கிறேன். உங்களுக்கு நடப்பது பிராணன் ஏறுவது அல்ல, கார்பன் டை ஆக்சைடு இறங்குவது.

சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு நிமிடத்துக்கு 6 லிட்டர் காற்று தாராளம். தேவைக்கு மேல் வேகவேகமாக ஊதித் தள்ளினால் ரத்தத்திலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, ரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாயும். அப்போது ரத்தத்தில் தனியாகத் திரிகிற கால்சியம் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அதனால் நரம்புகள் தொட்டதற்கெல்லாம் துள்ளும். விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போவது இதனால்தான். இன்னும் தொடர்ந்தால் விரல்கள் குவிந்து இறுகிக்கொள்ளும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கும். அதில் பயந்துபோய் இன்னும் வேகமாக மூச்சு வாங்குவார்கள், எல்லாம் இன்னும் கூடும்.

"ஆழமாக இழுத்தால் ஆக்சிஜன் நிறையக் கிடைக்கும்" என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். கோவிட் சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் எங்காவது கிடக்கும், மாட்டிப் பாருங்கள். ஒன்றும் செய்யாமலே 97, 98 காட்டும். நிரம்பிய குடத்தில் மேலே மேலே ஊற்றி என்ன ஆகப்போகிறது?

அப்படியானால் மெதுவாக மூச்சு விடுவதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். இரண்டு இருக்கிறது.

ஒன்று, வெறும் கணக்கு. ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி காற்று மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் வரைக்கும் வந்து அப்படியே திரும்பிவிடும். நுரையீரலின் காற்றறைக்கு அது போவதே இல்லை. பதற்றத்தில் இருப்பவர் 250 மில்லி வீதம் நிமிடத்துக்கு 24 தடவை இழுக்கிறார் என்று வையுங்கள். மொத்தம் 6 லிட்டர், காற்றறைக்குப் போனது 2.4 லிட்டர். நிதானமாக 1 லிட்டர் வீதம் 6 தடவை இழுப்பவருக்கும் மொத்தம் அதே 6 லிட்டர்தான். ஆனால் காற்றறைக்கு 5.1 லிட்டர் போயிருக்கும்.

இன்னொன்று, இதயம். இப்போதே மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகமெடுக்கும், விடும்போது தளரும். வேகஸ் நரம்பின் வேலை இது. வெளிமூச்சு நீளும்போது அந்த நரம்பு இதயத்தை அடக்கிப் பிடிக்கும் நேரமும் நீளும். அதனால்தான் நாங்கள் எப்போதும் "விடுவதைக் கவனியுங்கள், இழுப்பது தானாக நடக்கும்" என்று சொல்வோம்.

செய்ய வேண்டியது: நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள், வயிற்றில் ஒரு கை. மூக்கால் 4 எண்ணி இழுங்கள், கை மேலே எழ வேண்டும். பிடிக்காமல், 6 எண்ணி விடுங்கள். மூச்சு முட்டினால் 3 இழுத்து 4 விடுங்கள், கௌரவப் பிரச்சினை ஒன்றும் இல்லை. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம். வயிற்றை எக்கி விடும் கபாலபாதி, பஸ்திரிகா இரண்டும் பி.பி. கட்டுக்குள் வரும்வரை வேண்டாம். கர்ப்பிணிகள், குடலிறக்கம், வலிப்பு உள்ளவர்களும் அதைத் தொட வேண்டாம். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

சரநூல் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். 64 எண்ணி மூச்சைப் பிடிக்கச் சொல்லி ஒரு பி.பி. நோயாளியிடம் முதல் நாளே சொல்வது எனக்குச் சம்மதமில்லை.


கேள்விக்குறி (சென்னை)

வார்டு மேடம் விளக்கம் அருமை. ஆனால் எல்லோரும் கைதட்டுவதற்கு முன்னால் ஒரு கல் எறிந்துவிட்டுப் போகிறேன்.

இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 400 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவை நிமிடத்துக்கு 5.5 மூச்சு என்று மெதுவாக விடச் சொன்னார்கள். இன்னொரு குழு நிமிடத்துக்கு 12, அதாவது கிட்டத்தட்ட இயல்பான வேகம். இரண்டு குழுவுக்கும் தினம் சுமார் 10 நிமிடம், நான்கு வாரம். இரண்டு பக்கமும் மன அழுத்தம் குறைந்தது. வித்தியாசம்? சொல்லும்படி எதுவும் இல்லை.

அப்புறம் 4-6 என்ன, 4-7-8 என்ன? தினமும் பத்து நிமிடம் போனை வைத்துவிட்டு ஓர் இடத்தில் உட்கார்ந்தாலே இந்தப் பலன் வருகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மற்றதெல்லாம் வகுப்பு நடத்திக் கட்டணம் வாங்குவதற்கான அலங்காரம்.


நெஞ்சக_வார்டு (கோவை)

@கேள்விக்குறி, நல்ல ஆய்வு, நானும் படித்தேன். மனநிலைக்கு இன்ன எண்ணிக்கைதான் என்ற மந்திரம் எதுவும் இல்லை என்பதை அது காட்டுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே அவர்கள் அளந்தது கேள்வித்தாளில் நிரப்பிய மன அழுத்தமும் பதற்றமும். அக்கா கேட்டது பி.பி. பற்றியும். அது வேறு கதை. மூச்சை மெதுவாக்க இசையால் வழிநடத்தும் ஒரு கருவிக்கு, ரத்த அழுத்தத்தைக் குறைக்கத் துணையாகப் பயன்படுத்தலாம் என்று மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2002இலேயே அனுமதி கொடுத்தது. அமெரிக்க இதயச் சங்கம் 2013இல் மருந்தில்லாத வழிகளை அலசியபோது அந்தக் கருவி வழி மெதுமூச்சை "செய்து பார்க்கலாம்" என்ற வகையில் வைத்தது. ரொம்ப எதிர்பார்க்கக் கூடாது, குறைவது சில புள்ளிகள்தான். மாத்திரைக்குப் பக்கத்தில் நிற்கும், மாத்திரையின் இடத்தில் நிற்காது.

அதே 2023இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த ஆய்வையும் சேர்த்துப் படியுங்கள். தினம் ஐந்து நிமிடம், ஒரு மாதம். மூன்று வகை மூச்சு, நான்காவதாகத் தியானம். பதற்றம் எல்லாக் குழுவிலும் குறைந்தது. ஆனால் மனம் உற்சாகமாவதில், பெருமூச்சு விடும் முறைதான் தியானத்தை முந்தியது. மூக்கால் ஒரு இழுப்பு, அதன்மேல் இன்னொரு சின்ன இழுப்பு, பிறகு வாயால் நீளமாக விடுவது. அவ்வளவுதான் முறை. நம் வீட்டுப் பெரியவர்கள் வேலை முடிந்து திண்ணையில் உட்காரும்போது விடுவார்களே, ஏறக்குறைய அதுதான்.


கேள்விக்குறி (சென்னை)

சரி, பி.பி. விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். அந்தப் பெருமூச்சு ஆய்வில் ஆட்கள் நூறு சொச்சம்தான், நான்கு குழுவாகப் பிரித்தால் ஒரு குழுவுக்கு எத்தனை பேர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவாரசியமான பழைய ஆய்வு ஒன்று உண்டு. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது, இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்பவரின் குழு செய்தது. 23 பேரை லத்தீன் மொழியில் செபமாலை சொல்ல வைத்தார்கள், அப்புறம் "ஓம் மணி பத்மே ஓம்" சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. யாரும் மூச்சை எண்ணச் சொல்லவில்லை. வாக்கியத்தின் நீளமே மூச்சை அளந்துவிட்டது. ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலும் அப்போது கூர்மையானதாக எழுதியிருந்தார்கள். நான் கோவிலுக்கும் போகாதவன், சர்ச்சுக்கும் போகாதவன், ஆனால் இந்த ஆய்வு எனக்குப் பிடிக்கும்.


சங்குக்குளி_பேரன் (தூத்துக்குடி)

செபமாலை என்றதும் உள்ளே வந்தேன். எங்கள் பகுதியில் சாயங்காலம் தெருவுக்குத் தெரு கேட்கும். ஒருவர் "அருள் நிறைந்த மரியே" என்று முதல் பாதியைச் சொல்வார், மற்றவர்கள் "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று அடுத்த பாதியை எடுப்பார்கள். இப்போது யோசித்துப் பார்த்தால், சொல்கிற நேரம் முழுக்க வெளிமூச்சு, மற்றவர் சொல்கிற நேரத்தில்தான் இழுத்துக்கொள்ள முடியும். எங்கள் ஆத்தா காலையில் எவ்வளவு கத்தினாலும், மாலை செபம் முடிந்து எழுந்திருக்கும்போது ஆளே வேறு மாதிரி இருப்பார்.

நான் சொல்ல வந்தது வேறு. தாத்தா சங்குக் குளியாள். அந்தக் காலத்தில் சிலிண்டர், கம்ப்ரசர் எதுவும் கிடையாது, மூச்சடக்கித்தான் இறங்குவார்கள். படகில் கயிறு பிடிப்பவர் மேலே நிற்பார், கீழிருந்து அசைத்ததும் இழுத்துவிட வேண்டும். பெரும்பாலும் மச்சான்மார்தான் கயிறு பிடிப்பார்கள், உயிர் அவர் கையில் அல்லவா.

இறங்குவதற்கு முன்னால் வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு குதிக்கும் பையன்களைத் தாத்தா படகிலேயே அதட்டுவார். அப்படிச் செய்தால் கீழே ரொம்ப நேரம் நிற்க முடிகிற மாதிரி தெரியும், அதுதான் ஆபத்து என்பார். ஏன் என்று அவர் விளக்கியதில்லை. இந்தக் காலத்தில் நீச்சல் குளத்தில் பையன்கள் வீடியோ பார்த்து அதையே செய்கிறார்கள். வார்டு மேடம் சொன்ன கார்பன் டை ஆக்சைடு கதைதானே இதுவும்?


நெஞ்சக_வார்டு (கோவை)

அதே கதைதான், அண்ணா. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வை எழுப்புவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு ஏறுவது, ஆக்சிஜன் குறைவது அல்ல. முன்கூட்டியே வேகமாக ஊதி கார்பன் டை ஆக்சைடைக் குறைத்துவிட்டால் அந்த எச்சரிக்கை மணி தாமதமாக அடிக்கும். அதற்குள் ஆக்சிஜன் மயங்கும் அளவுக்கு இறங்கிவிடும். ஆள் துடிக்கக்கூட மாட்டார், அப்படியே நினைவு தப்பி மூழ்கிவிடுவார். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிச் செத்திருக்கிறார்கள். பனிக்கட்டித் தொட்டியும் வேக மூச்சுமாக வரும் வீடியோக்களைப் பார்ப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: வேக மூச்சுப் பயிற்சியைத் தண்ணீருக்குள்ளோ, தண்ணீரின் ஓரத்திலோ, வண்டி ஓட்டும்போதோ செய்யவே கூடாது.


கோட்டைத்தாண்டி (தஞ்சாவூர்)

கபடியில் பாடிப் போவது ஒரே மூச்சில்தான், அதுவும் இதில் சேருமா? 😄 புரோ கபடியில் 30 விநாடி. ஊரில் நாங்கள் ஆடும்போது கடிகாரம் கிடையாது, நடுவர் காதுதான்.


மட்டுறுத்துனர்

இந்த இழையில் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். ஒன்று, "மூச்சால் சர்க்கரை, கேன்சர் குணமாகும்" என்று கட்டண வகுப்புக்கு வாட்ஸாப் எண் கொடுத்த விளம்பரம். இன்னொன்று, பி.பி. மாத்திரையை நிறுத்திவிடும்படி சொன்ன பதில். இரண்டாவது மாதிரிப் பதிவுகளுக்கு எச்சரிக்கை இல்லாமல் கணக்கு முடக்கப்படும். விவாதம் நன்றாகப் போகிறது, தொடருங்கள்.


ஜன்னலோரம் (பெங்களூரு)

எல்லோரும் இவ்வளவு நல்லவிதமாகச் சொல்லும்போது நான் ஒருத்தி மட்டும் குறுக்கே பேசுகிறேனோ என்று இருக்கிறது. எனக்குப் பேனிக் அட்டாக் வரும், சிகிச்சையில் இருக்கிறேன். மூச்சைக் கவனி என்று யாராவது சொன்னாலே போதும், தொண்டை இறுகிவிடும். இழுப்பது போதவில்லை என்று தோன்றும், இன்னும் இழுப்பேன், கை மரக்கும், அவ்வளவுதான், தொடங்கிவிடும். ஒரு விபாசனா தியான முகாமுக்குப் பேர் கொடுத்திருந்தேன். பத்து நாளில் முதல் மூன்று நாளும் மூக்கு நுனியில் மூச்சைக் கவனிப்பதுதான் வேலை என்று தெரிந்ததும் போகவில்லை. "பழகினால் சரியாகும்" என்று தோழிகள் சொல்கிறார்கள். பழகவே முடியாதவர்கள் என்னதான் செய்வது?


சரநூல்_தாசன் (சிதம்பரம்)

மகளே, குறுக்கே பேசுவதாக நினைக்காதே. நீ சொன்னது முக்கியமான விஷயம். நாங்கள் பழகும் மரபிலேயே இதற்கு எச்சரிக்கை உண்டு. ஹடயோகப் பிரதீபிகை என்ன சொல்கிறது தெரியுமா? சிங்கத்தையும் யானையையும் புலியையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வசப்படுத்த முடியும், மூச்சும் அப்படித்தான், அவசரப்பட்டால் பழகுகிறவனையே கொன்றுவிடும் என்கிறது. வீடியோ போடுகிறவர்கள் இந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

வார்டு அம்மணிக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. மாத்திரை என்பது கண் இமைக்கிற, கை நொடிக்கிற பொழுது. கடிகார விநாடி இல்லை. 16, 64, 32 மூன்றையும் விநாடியாக வைத்துக்கொண்டால் ஒரு மூச்சுக்கு 112 விநாடி ஆகும், அது யாருக்கும் முதல் நாள் ஆகாது. குருவிடம் வருடக்கணக்கில் இருந்து ஏறிப் போகும் படி அது. என் முதல் பதிவில் எட்டிப் பிடிக்கிற உச்சத்தைச் சொன்னேன், அம்மையார் கேட்டதோ வாசல்படி. கும்பகம் இல்லாமல், நாசியை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்தி மட்டும் செய்வதுதான் வாசல்படி. அதில் நமக்குள் சண்டையே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கூடமும் யோகமும் எதிரிகள் என்பதுபோல் இந்த இழை போகிறது. குவலயானந்தர் 1924இலேயே லோணாவ்லாவில் கைவல்யதாமம் என்ற யோக ஆய்வு நிலையத்தைத் தொடங்கி, ஆசனத்தையும் பிராணாயாமத்தையும் எக்ஸ்ரே, அழுத்தமானி எல்லாம் வைத்து அளந்தார். அவரே யோகிதான். சசெக்ஸ்காரர்களுக்கு முன்னாலேயே இந்தக் கேள்வியை நம் ஆள் கேட்டுவிட்டார்.


கேள்விக்குறி (சென்னை)

ஐயா, குவலயானந்தர் விஷயத்தில் முழுச் சம்மதம். ஆயுள் கணக்குக்கு மட்டும் சம்மதம் இல்லை. 21,600ஐக் குறைத்தால் ஆயுள் கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள், நீங்கள் சொல்லாமல் விட்டதற்கு நன்றி. 🙏


சரநூல்_தாசன் (சிதம்பரம்)

சொல்ல மறந்துவிட்டேன், தம்பி. கூடும்.


நெஞ்சக_வார்டு (கோவை)

ஐயா 😂

@ஜன்னலோரம், உங்களுக்குத்தான் விரிவாக எழுத வேண்டும். உங்களுக்கு நடப்பது அபூர்வம் இல்லை. தளர்வுப் பயிற்சி செய்யும்போதே பதற்றம் கூடுகிறவர்கள் உண்டு என்று மனநல மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது. பேனிக் உள்ளவர்கள் உடம்பின் ஒவ்வொரு சின்ன அசைவையும் ஏற்கெனவே காவல் காத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் போய் மூச்சையும் கவனி என்றால் இன்னொரு காவல் வேலை கூடுகிறது.

மூச்சைக் கவனிக்காமலே வெளிமூச்சை நீட்ட வழிகள் இருக்கின்றன. முணுமுணுத்துப் பாடுங்கள். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று ஒரு பாட்டின் மெட்டை இழுங்கள், கவனம் பாட்டில் இருக்கட்டும். பிரமரி என்று யோக வகுப்பில் சொல்லித் தருவதும் இந்த முணுமுணுப்புதான். ஸ்வீடனில் லுண்ட்பெர்க், வைட்ஸ்பெர்க் இருவரும் 2002இல் அளந்து பார்த்தார்கள்: முணுமுணுக்கும்போது மூக்கிலிருந்து வெளியேறும் நைட்ரிக் ஆக்சைடு, சும்மா மூச்சு விடுவதைவிட சுமார் 15 மடங்கு. நெற்றி, கன்னத்து எலும்புகளுக்குள் இருக்கும் காற்றுப் பைகளிலிருந்து அது வருகிறது, அதிர்வு அதை வெளியே தள்ளுகிறது. அதனால் உங்கள் பதற்றம் குறையும் என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் போதாது. ஆனால் "ம்ம்ம்" நீளும்போது வெளிமூச்சு நீள்கிறது, அது நமக்குப் போதும்.

நடந்துகொண்டே செய்வதும் சிலருக்கு ஒத்துவரும். இரண்டு அடிக்கு இழுப்பது, மூன்று அடிக்கு விடுவது. கால் கணக்கு வைத்துக்கொள்ளும்.

இரண்டு "கூடாது" சொல்கிறேன். அட்டாக் வரும்போது "ஆழமாக மூச்சை இழு" என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால் கேட்காதீர்கள். ஏற்கெனவே அளவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருப்பவருக்கு அது எரிகிற தீயில் எண்ணெய். "மெதுவாக விடு" என்று சொல்லச் சொல்லுங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியமும் வேண்டாம். உண்மையில் ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால், பைக்குள் ஆக்சிஜன் குறைந்து விபரீதமாகிவிடும்.

சிகிச்சையை விடாதீர்கள், இந்த அனுபவத்தை உங்கள் டாக்டரிடமும் சொல்லுங்கள். நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் டெலி மானஸ் 14416, மத்திய அரசின் இலவச எண். தமிழிலும் பேசலாம்.


ஜன்னலோரம் (பெங்களூரு)

நன்றி அக்கா. ஐயாவுக்கும் நன்றி. முணுமுணுப்பதை யாரும் பயிற்சி என்று சொன்னதில்லை. வண்டி ஓட்டும்போது நானாகவே செய்வதுதான்.


வைகைக்கரையாள் (மதுரை)

4-6 செய்து பார்க்கிறேன். உட்காரும்போது சரியாக வருகிறது, கல்லாப் பக்கம் கூட்டம் சேர்ந்ததும் எல்லாம் மறந்துவிடுகிறது. வேலைக்கு நடுவில் செய்ய ஏதாவது வழி உண்டா? இன்னொரு சந்தேகம்: வீட்டில் மூன்று பந்து வைத்த ஊதும் கருவி கிடக்கிறது, கோவிட் வந்தபோது அவருக்கு வாங்கியது. அதை ஊதினால் நல்லதா?


நெஞ்சக_வார்டு (கோவை)

முதலில் அந்தப் பந்து. அது ஊதும் கருவியே இல்லை அக்கா, உறிஞ்சும் கருவி! கோவிட் சமயத்தில் பாதி ஊர் அதைத் தலைகீழாகப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தது. குழாயை வாயில் வைத்து உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே ஏறும். அறுவை சிகிச்சை முடிந்து படுத்தே இருப்பவர்களுக்கு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிடாமல் இருக்கத்தான் அதைக் கொடுப்போம். உங்கள் படபடப்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பந்தை ஏற்றியே தீருவேன் என்று எல்லோரும் வேகமாக இழுப்பதால் உங்களுக்கு மரமரப்புதான் வரும்.

கல்லாவில் கூட்டம் இருக்கும்போது எண்ணிக்கை எல்லாம் வேண்டாம். ஒரு பில் முடிந்து அடுத்த பில்லை எடுப்பதற்கு முன் ஒரே ஒரு நீளமான வெளிமூச்சு, தோளைக் கீழே இறக்கி. யாருக்கும் தெரியாது. அவசரத்தில் நாம் வயிற்றை இறுக்கிக்கொண்டு மேல் நெஞ்சால் மூச்சு விடுவோம், சேலை கட்டும்போது உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுபவர்களுக்கு அது இன்னும் அதிகம். நாடாவைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வயிறு முன்னே வர இடமிருந்தால்தான் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசை கீழே இறங்கும்.

பி.பி.யை மூச்சுப் பயிற்சி முடித்த கையோடு பார்த்து ஏமாறாதீர்கள், அப்போது கொஞ்ச நேரத்துக்கு இறங்கித்தான் இருக்கும். காலையில் மாத்திரை போடுவதற்கு முன், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு பார்த்து எழுதி வையுங்கள். டாக்டருக்கு அந்த எண்தான் வேண்டும்.


குறிஞ்சிமலர் (திண்டுக்கல்)

தாமதமாக வருகிறேன். என் மாமியாருக்கு சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட மூச்சடைப்பு நோய் என்று சொல்லியிருக்கிறார்கள். பீடி, சிகரெட் எதுவும் கிடையாது, ஆயுள் முழுக்க விறகடுப்பில் சமைத்தவர். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. என் பையனுக்கோ ஆஸ்துமா, எட்டாம் வகுப்பு. ரஷ்யாவில் ஒரு டாக்டர் கண்டுபிடித்த முறையில் மூச்சைக் குறைத்து விட்டால் இன்ஹேலரே தேவையில்லை என்று ஒருவர் சொல்கிறார். இருவருக்கும் இந்த 4-6 சரிவருமா?


நெஞ்சக_வார்டு (கோவை)

அம்மாவுக்கு விறகடுப்புப் புகைதான் காரணமாக இருக்கும், நம் ஊர்ப் பெண்களிடம் இதை நிறையப் பார்க்கிறோம். அவருக்கு 4-6 எண்ண வேண்டாம், எண்ணினால் பயந்துவிடுவார். உதட்டைக் குவித்து விடச் சொல்லுங்கள். மூக்கால் இழுத்து, சூடான காபியை ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக. அவர் நோயில் விடும்போது சின்ன மூச்சுக்குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொண்டு காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். உதடு குவிந்திருந்தால் உள்ளே கொஞ்சம் அழுத்தம் நின்று குழாய்களைத் திறந்து வைக்கும். மாடிப்படியில் நிற்கும்போது இழுக்கட்டும், ஏறும்போது விடட்டும். குனிந்து எதையாவது தூக்கும்போதும் அப்படியே. அடுப்பையும் மாற்றுங்கள், அது பாதி வைத்தியம்.

பையன் விஷயம்: நீங்கள் கேள்விப்பட்டது புட்டெய்கோ முறை. சோவியத் காலத்து டாக்டர் கான்ஸ்டான்டின் புட்டெய்கோ 1950களில் உருவாக்கியது. பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அறிகுறிகள் குறைந்து, அவசரத்துக்கு அடிக்கும் நீல இன்ஹேலரின் தேவை சிலருக்குக் குறைந்தது. நுரையீரலின் திறனை அளந்தபோது பெரிய மாற்றம் இல்லை. அதாவது மூச்சுக்குழாயின் உள்ளே இருக்கும் வீக்கத்தை இது தொடுவதில்லை. வீக்கத்தை அடக்குவது தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர்தான், அதை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். பையன் மூக்கால் மூச்சு விடப் பழகுவது, பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்காமல் இருப்பது, இவை நல்லதுதான், கூடவே செய்யட்டும். விசில் சத்தத்தோடு மூச்சு திணறும்போது எந்தப் பயிற்சியும் வேண்டாம். இன்ஹேலரை ஸ்பேசரோடு (இன்ஹேலரில் மாட்டும் பிளாஸ்டிக் குழல்) கொடுங்கள், டாக்டர் சொன்ன அளவுக்கு அடங்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி. பள்ளிக்கூடப் பையில் ஒரு இன்ஹேலர் எப்போதும் இருக்கட்டும், வகுப்பாசிரியருக்கும் தெரிந்திருக்கட்டும்.


குறிஞ்சிமலர் (திண்டுக்கல்)

ஸ்பேசர் இல்லாமல்தான் இதுவரை அடித்துக்கொண்டிருக்கிறான். நாளைக்கே வாங்கிவிடுகிறேன். மெடிக்கலில் கிடைக்குமா, சீட்டு வேண்டுமா?


நெஞ்சக_வார்டு (கோவை)

சீட்டு வேண்டாம், பெரும்பாலான மெடிக்கலில் கிடைக்கும். வாயில் நேராக வைக்கிற வகை வாங்குங்கள், அவன் வயதுக்கு முகமூடி தேவையில்லை. வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் முக்கி, துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். துணியால் துடைத்தால் உள்ளே மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும்.